கலைவழிச் சிகிச்சையா, தொழில்வழிச் சிகிச்சையா: ஒன்றுக்குத்தான் போக முடியும் என்றால்?

பாலக்கோட்டுத் தந்தை:

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்கு ஏழு வயது. ஆட்டிசம் இருப்பதாக உறுதி செய்திருக்கிறார்கள். தருமபுரியில் பார்த்த குழந்தை நல மருத்துவர் ஆக்குபேஷனல் தெரபிக்கு, அதாவது தொழில்வழிச் சிகிச்சைக்கு, எழுதிக் கொடுத்தார். இதற்கிடையில் ஓசூரில் ஒரு மையம் சனிக்கிழமைதோறும் ‘ஆர்ட் தெரபி’ என்ற பெயரில் வகுப்பு நடத்துவதாகவும், இரண்டும் ஒன்றுதான் என்றும் என் மைத்துனர் சொல்கிறார். இரண்டு இடங்களையும் நேரில் போய்ப் பார்த்தேன். இரண்டிலும் களிமண் பிசைகிறார்கள், மணி கோர்க்கிறார்கள், வண்ணம் தீட்டுகிறார்கள். என் கண்ணுக்குத் தெரிந்த வேறுபாடு கட்டணம் மட்டுமே.

பையனுக்குப் பள்ளிச் சீருடையின் பொத்தானைத் தானாகப் போடத் தெரியாது. கை ஈரமானால் அலறுவான். ஆகவே குழம்பு ஊற்றிய சோற்றையும் களியையும் தொடமாட்டான், முறுக்கும் பிஸ்கட்டும்தான் சாப்பாடு. பென்சிலை முஷ்டிக்குள் பிடித்துக்கொண்டு பேருந்துகளை மட்டும் வரைவான். நான் மாம்பழக் கூழ் ஆலையில் வேலை பார்க்கிறேன். சீசன் தொடங்கிவிட்டால் விடுப்பு கிடைக்காது. இரண்டு இடங்களுக்கும் அலைய வசதியில்லை. விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஓசூர் ஓ.டி.:

வணக்கம் ஐயா. நான் ஆக்குபேஷனல் தெரபி படித்து, அந்தத் துறையிலேயே பணியாற்றுகிறேன். நீங்கள் பார்த்த மையங்களைப் பற்றி எதுவும் சொல்லப்போவதில்லை. துறைகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எங்கள் துறையின் பெயரில் உள்ள ‘தொழில்’ பிழைப்புக்கான வேலையை மட்டும் குறிப்பதன்று, உண்பது, உடுத்துவது, எழுதுவது போன்ற அன்றாடச் செயல்களையும் குறிக்கும்.

மேசையின் மேல் இருக்கும் பொருளை வைத்து இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கவே முடியாது. அமர்வு முடிந்தபின் சிகிச்சையாளர் தம் குறிப்பேட்டில் என்ன எழுதுகிறார் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. ஒரு குழந்தை களிமண்ணில் பாம்பு உருட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். என் குறிப்பில், இரண்டு கைகளும் சேர்ந்து இயங்கினவா, எவ்வளவு நேரம் ஈரத்தைப் பொறுத்துக்கொண்டது, கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து கிள்ள முடிந்ததா, நாற்காலியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்ததா என்பவை இருக்கும். கலைவழிச் சிகிச்சையாளரின் குறிப்பில் அந்தப் பாம்பு இருக்கும். அதைச் செய்தபோது குழந்தை என்ன சொன்னது, செய்து முடித்ததும் ஏன் அதை நசுக்கியது, நசுக்கிய பிறகு யாரை நிமிர்ந்து பார்த்தது என்பவை இருக்கும்.

உங்கள் பையனின் பொத்தானை எடுத்துக்கொள்வோம். பொத்தான் போடுவது நமக்கு ஒரே வேலையாகத் தெரிகிறது. எங்கள் துறையில் அதைச் சின்னச் சின்னச் செயல்களாகப் பிரித்துப் பார்ப்போம். ஒரு கை துணியை இழுத்துப் பிடிக்க வேண்டும், அதே நேரத்தில் மறுகை பொத்தானை விளிம்பில் பிடித்துத் துளைக்குள் சாய்த்துத் தள்ள வேண்டும். அதாவது இரு கைகளும் ஒரே நேரத்தில் வெவ்வேறு வேலை செய்ய வேண்டும். கழுத்துப் பொத்தானைக் கண்ணால் பார்க்கவும் முடியாது, விரலே கண்ணாக இருக்க வேண்டும். இவற்றில் பையன் எங்கே தடுமாறுகிறான் என்று கண்டுபிடித்த பிறகுதான் பயிற்சி. பெரும்பாலும் கடைசிப் படியிலிருந்து தொடங்குவோம்: பொத்தானைப் பாதிவரை நாங்கள் துளைக்குள் நுழைத்துக் கொடுப்போம், மீதியை அவன் இழுத்துவிட்டால் போதும். வேலை அவன் கையாலேயே முடிந்தது என்பதால், மறுமுறை அவனே சட்டையை எடுத்துக்கொண்டு வருவான். பிறகு ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிப் போவோம்.

ஈரத்தைக் கண்டு அலறுவதும் அப்படித்தான். அது பிடிவாதமன்று, தொடுவுணர்வை அவன் மூளை ஏற்றுக்கொள்ளும் விதம் வேறு. ஜீன் ஏயர்ஸ் என்ற அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் 1972இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக எழுதினார். புலனுணர்வு ஒருங்கிணைப்பு என்று நாங்கள் சொல்லும் முறை அவரிடமிருந்து வந்தது. நம் ஊரில் அதற்குக் கேழ்வரகே போதும். முதலில் ஒரு தாம்பாளத்தில் காய்ந்த ராகி மணிகளைக் கொட்டி, அதற்குள் அவனுக்குப் பிடித்த பொம்மைப் பேருந்தைப் புதைத்துத் தேடச் சொல்லலாம். அதைப் பொறுத்துக்கொண்டால் ராகி மாவு. பிறகு கெட்டியாகப் பிசைந்த மாவு. அதன் பிறகுதான் ஈரப்பதம் கூடிய மாவு. அலறும் குழந்தையின் கையைப் பிடித்து ஈரத்தில் அழுத்துகிறவர் யாராக இருந்தாலும், எந்தப் பட்டம் பெற்றிருந்தாலும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

சூளகிரிக்காரி:

மேலே எழுதியவர் எங்கள் துறையையும் நேர்மையாகச் சொல்லியிருக்கிறார். நான் பெங்களூரில் கலைவழிச் சிகிச்சையில் பயிற்சி பெற்றவள் என்பதால் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

ஓவிய வகுப்பு வேறு, கலைவழிச் சிகிச்சை வேறு. வகுப்பில் படம் நன்றாக வந்ததா என்று பார்ப்பார்கள். எங்களிடம் படம் நன்றாக வர வேண்டிய தேவையே இல்லை. இது அடிப்படையில் உளவழிச் சிகிச்சைதான். பேச்சால் மட்டும் சொல்ல முடியாததை, அல்லது சொல்ல அஞ்சுவதை, ஒருவர் தாளிலோ மண்ணிலோ வெளியே வைக்கிறார்; வெளியே வைத்தபின் அதைச் சற்றுத் தள்ளி நின்று பார்க்க முடிகிறது, அதைப் பற்றி இன்னொருவரோடு பேசவும் முடிகிறது.

கற்பனையாக ஒன்று சொல்கிறேன். தொப்பூர்க் கணவாய் விபத்தில் லாரி ஓட்டுநரான தந்தையை இழந்த பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன், பள்ளிக்குப் போகிறான், சாப்பிடுகிறான், தன் வேலைகளையெல்லாம் செய்துகொள்கிறான், ஆனால் அப்பா என்ற சொல்லையே எடுப்பதில்லை. அவனுக்குப் பொத்தானோ பேனாவோ ஒரு சிக்கலும் இல்லை. தொழில்வழிச் சிகிச்சைக்கு அங்கே முதல் வேலை இல்லை. வாரந்தோறும் அதே கிழமை, அதே அறை, அதே பெட்டியில் அதே வண்ணங்கள் என்று அவனுக்கு ஓர் இடம் கிடைத்தால், பல வாரங்கள் வெறும் சாலையை வரைந்தபின் ஒருநாள் அந்தச் சாலையில் ஒரு வண்டி வரலாம். அப்போது நான் ‘இது உன் அப்பாவின் லாரிதானே’ என்று கேட்கமாட்டேன். ‘இந்த வண்டி எங்கே போகிறது?’ என்பதோடு நிறுத்திக்கொள்வேன். அவன் பதில் சொல்லாவிட்டாலும் படம் என் பொறுப்பில் பத்திரமாக இருக்கும். அவன் அனுமதியின்றித் தாயிடமும் ஆசிரியரிடமும் காட்டமாட்டேன். முகநூலில் போடுவதைப் பற்றிப் பேச்சே இல்லை.

வண்ணப் பொருளையும் தெரிந்துதான் தேர்வோம். பென்சில் சொன்னபடி கேட்கும். நீர்வண்ணம் தன் போக்கில் ஓடும். எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்திருப்பவருக்கு முதல் நாளிலேயே நீர்வண்ணம் கொடுத்தால் அவர் மிரண்டுபோகலாம். ஏற்கெனவே நிலைகொள்ளாமல் தவிப்பவருக்கு அதைக் கொடுத்தால் தவிப்பு கூடலாம். எந்தப் பொருள் யாருக்கு எப்போது என்ற இந்த வரிசையை 1978இல் கேகின், லூசெபிரிங்க் ஆகிய இரு கலைவழிச் சிகிச்சையாளர்கள் ஒரு கோட்பாடாகவே வகுத்துக் காட்டினார்கள்.

ஐயா, உங்கள் பையனுக்கு இப்போது அவசரமாகத் தேவைப்படுவது சாப்பாடும் சட்டையும் பென்சிலும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்தது சரி என்றே எனக்குத் தோன்றுகிறது.

அரூர் ஓய்வாசிரியர்:

எனக்கு ஓர் ஐயம். மனநல மருத்துவமனைகளில் நோயாளிகள் கூடை பின்னுவதையும் பாய் முடைவதையும் அக்காலத்திலிருந்தே கேள்விப்பட்டிருக்கிறோம். அது கலையா, தொழிலா? இரண்டும் ஒரே வேரில் முளைத்தவைதானே? பட்டம் கொடுப்பவர்கள் பிரித்துவிட்டார்கள் என்பதற்காக நாமும் பிரித்தே பார்க்க வேண்டுமா?

ஓசூர் ஓ.டி.:

நல்ல கேள்வி ஐயா. வேர்கள் அருகருகே இருந்தன என்பது உண்மைதான். 1917 மார்ச்சில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் ஒரு சிறு குழு கூடி, தொழில்வழிச் சிகிச்சைக்கான முதல் தேசியச் சங்கத்தை அமைத்தது. கூட்டியவர் ஜார்ஜ் பார்ட்டன் என்ற கட்டடக் கலைஞர். காசநோயும் பக்கவாதமும் கண்டு, தோட்ட வேலையும் தச்சு வேலையும் செய்து தன்னைத்தானே தேற்றிக்கொண்டவர். உடனிருந்த எலினார் கிளார்க் ஸ்லேகிள், மனநல நோயாளிகளுக்கு அன்றாடப் பழக்கங்களை நாள் முழுவதற்கும் ஒழுங்குபடுத்திக் கற்பிக்கும் முறையை உருவாக்கியவர். முதல் உலகப் போரில் காயமுற்ற வீரர்களுக்கு நெசவும் கூடை பின்னலும் கற்றுத்தந்தது இந்தத் துறைதான்.

கலைவழிச் சிகிச்சையின் தொடக்கத்திலும் ஒரு நோயாளியே இருக்கிறார். ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கில ஓவியர் காசநோய் விடுதியில் படுத்திருந்தபோது வரைந்து, பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்களையும் வரைய வைத்து, 1942இல் அந்தத் துறைக்கு அந்தப் பெயரைச் சூட்டினார். ஆனால் அதன் பிறகு பாதைகள் விலகின. ஒன்று கை, உடல், அறிவு, வீடு, வேலை என்று மனிதனின் அன்றாடத்தைப் பின்தொடர்ந்தது. மற்றது மார்கரெட் நாம்பர்க் போன்றவர்கள் வழியாக, அடிமனத்தை ஆராயும் உளப்பகுப்பாய்வின் பக்கம் போனது.

நம் பக்கத்து ஊரிலேயே ஒரு சான்று இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்திய காலத்தில், குணமானவர்கள் பிழைக்க வழி வேண்டுமென்று தச்சுப் பட்டறை அமைத்து மரப் பொம்மை செய்யப் பழக்கினார். பொம்மை அழகாக இருந்திருக்கலாம். ஆனால் அங்கே கேள்வி, உணர்விழந்த கை சுத்தியலை அளவுக்கு மீறி இறுக்கினால் கொப்பளம் வந்தும் வலிக்காது, அப்படியானால் கைப்பிடி எவ்வளவு பருமனாக இருக்க வேண்டும், அதன்மேல் எதைச் சுற்ற வேண்டும் என்பதுதான். கேள்வியைப் பார்த்துத்தான் நாங்கள் துறையைச் சொல்கிறோம்.

சும்மா கூடிக் கைவேலை செய்தாலே போதுமே என்பவர்களுக்கு ஒரு செய்தி. 1997இல் வெளியான ஓர் ஆய்வில், லாஸ் ஏஞ்சலிஸில் 361 முதியவர்களை மூன்றாகப் பிரித்து ஆராய்ந்திருந்தார்கள். ஒரு பிரிவுக்குத் தொழில்வழிச் சிகிச்சை, ஒரு பிரிவுக்குக் கூடிப் பொழுதுபோக்கும் நிகழ்ச்சிகள், ஒரு பிரிவுக்கு எதுவுமில்லை. ஒன்பது மாதங்களுக்குப் பிறகு முதல் பிரிவினருக்கு உடல்நலம், அன்றாட இயக்கம், வாழ்க்கை நிறைவு ஆகியவற்றில் பயன் தெரிந்தது. பொழுதுபோக்கிய பிரிவினர் எதுவும் செய்யாதவர்களைவிட மேம்படவில்லை. இந்தத் துறைக்காரன் என்பதால் இதை எங்கே போனாலும் சொல்லிக்கொண்டிருப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பென்னாகரம் வாசகர்:

தொழில்வழிச் சிகிச்சையை ஏற்கிறேன். கையில் பலன் தெரிகிறது. மற்றதில் எனக்கு நம்பிக்கை இல்லை. என் மகள் படித்த ஒரு தனியார் பள்ளியில், அவள் சூரியனுக்குக் கறுப்பு வண்ணம் தீட்டினாள் என்பதற்காக, வீட்டில் ஏதோ கொடுமை நடக்கிறது என்று எங்களைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். ஓர் ‘ஆர்ட் தெரபிஸ்ட்’ வந்து படத்தைப் பார்த்துச் சொன்னாராம். மகளைக் கேட்டால், மஞ்சள் கிரேயான் பக்கத்துப் பெண்ணிடம் இருந்தது என்கிறாள். இது ஜோசியத்துக்கும் கிளி எடுக்கும் சீட்டுக்கும் எந்த வகையில் வேறு?

சூளகிரிக்காரி:

வேறே இல்லை அண்ணா. அவர் செய்தது ஜோசியம்தான். கறுப்பு என்றால் துயரம், சிவப்பு என்றால் கோபம், கதவில்லாத வீடு என்றால் தனிமை என்று அகராதி வைத்துப் படிப்பது கலைவழிச் சிகிச்சையின் நடைமுறை அன்று. படத்தின் பொருளை வரைந்தவர்தான் சொல்ல வேண்டும், அதுவும் அவர் விரும்பினால். வரைந்த பிள்ளையைச் சந்திக்காமலேயே படத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொன்னவர் எந்தப் பயிற்சியும் பெற்றவராக எனக்குத் தோன்றவில்லை.

சான்றுகளைப் பற்றிக் கேட்டால், எங்களுக்குச் சாதகமில்லாததையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2012இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஓர் ஆய்வில் மனச்சிதைவு நோயுள்ள 417 பேர் பங்கேற்றார்கள். வழக்கமான மருத்துவத்தோடு குழுவாகக் கலைவழிச் சிகிச்சையும் பெற்றவர்களுக்கு, பொதுவான செயல்திறனிலோ நோய்க்குறிகளிலோ கூடுதல் முன்னேற்றம் தென்படவில்லை. பலர் அமர்வுகளுக்கு ஒழுங்காக வரவும் இல்லை. இருந்தாலும் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல், மனச்சிதைவில் ஆர்வமின்மை, முடங்கிக் கிடத்தல் போன்ற குறிகளுக்குக் கலைவழிச் சிகிச்சைகளைப் பரிசீலிக்கலாம் என்று வைத்திருக்கிறது. ஆகவே இதை மருந்துக்கு மாற்றாக யாராவது விற்றால் நம்பாதீர்கள். இழப்பு, அதிர்ச்சி, நீண்ட நோயோடு வாழ்தல் ஆகியவற்றில், பேச முடியாதவர்களோடு சேர்ந்து வேலை செய்ய இது ஒரு வழி என்ற அளவில் நான் மதிப்பிடுகிறேன்.

பென்னாகரம் வாசகர்:

இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி அம்மா. அந்தப் பள்ளிமீது கோபம் குறையவில்லை என்பது வேறு விஷயம்.

காவேரிப்பட்டணத்து மகள்:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் பலவீனமாகிவிட்டது. மக்களைத் தேடி மருத்துவம் மூலம் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கிறார். அந்தத் திட்டத்தை 2021 ஆகஸ்டில் எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கினார்கள் என்பதில் எங்களுக்குச் சிறு பெருமையும் உண்டு. இப்போது பிடித்துக்கொண்டு நடக்கிறார். ஆனால் ஜாக்கெட் போட, தலை வார, சாப்பிட என்னையே எதிர்பார்க்கிறார். எல்லாவற்றையும்விட, தன் கையால் களி கிள்ளிச் சாப்பிட முடியவில்லை என்று அழுகிறார். இயன்முறை மருத்துவம் நடக்கும்போது தொழில்வழிச் சிகிச்சையும் வேண்டுமா? அல்லது அழுகைக்காகக் கலைவழிச் சிகிச்சையா?

ஓசூர் ஓ.டி.:

சகோதரி, நீங்கள் எழுதிய ஜாக்கெட், தலைவாரல், சாப்பாடு ஆகிய மூன்றும் அப்படியே எங்கள் வேலை. இயன்முறை மருத்துவர் நடையையும் தசை வலுவையும் மூட்டு அசைவையும் மீட்கிறார். அந்த வலுவை வைத்துக்கொண்டு அம்மா தம் நாளை நடத்துவதற்கு நாங்கள் வருகிறோம். இரண்டும் சேர்ந்தே நடக்கலாம்.

ஒருவரைக் கண்டுபிடிக்கும்வரை இதைச் செய்யுங்கள். முன்பக்கம் திறக்கும் தளர்வான ஜாக்கெட்டை மடியில் விரித்து, பலவீனமான வலக்கையை முதலில் நுழைத்துத் தோள்வரை ஏற்றிவிட்டு, பிறகு இடக்கையை நுழைக்கச் சொல்லுங்கள். கழற்றும்போது நேர்மாறாக நல்ல கையிலிருந்து தொடங்க வேண்டும். அம்மாவை எழுப்பும்போது வலக்கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். தோள் மூட்டு நழுவக்கூடும்.

களி விஷயத்தில் ஓர் எச்சரிக்கை உண்டு. களியை நாம் மெல்லாமல் விழுங்குகிறோம். பக்கவாதத்துக்குப் பிறகு விழுங்கும் திறனும் குறைந்திருக்கலாம் என்பதால், இருமலோ குரலில் ஈரக் கரகரப்போ இருக்கிறதா என்று மருத்துவரிடமோ பேச்சுப் பயிற்சியாளரிடமோ காட்டிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். தடையில்லை என்றால், களியையே பயிற்சியாக வைத்துக்கொள்ளலாம். கிள்ளுதல், உருட்டுதல், குழம்பில் தோய்த்தல், வாய்க்குக் கொண்டுபோதல் என்று ஒவ்வொன்றும் ஓர் அசைவு. பிளாஸ்டிக் கூம்புகளை அடுக்கச் சொல்வதைவிட உங்கள் அம்மா இதைச் செய்யத்தான் மனமுவந்து கை நீட்டுவார். முதலில் கிள்ளுவது மட்டும், மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு. மீதியை இடக்கை செய்யட்டும்.

சூளகிரிக்காரி:

அழுகையைப் பற்றி அக்கா கேட்டதற்கு: பக்கவாதத்துக்குப் பின் மனச்சோர்வு பரவலாக வரும், அதற்கு மருத்துவம் உண்டு. முதலில் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416இல் தமிழிலேயே பேசலாம். என் துறை அதற்குப் பிறகு வரலாம், வராமலும் போகலாம்.

அரூர் ஓய்வாசிரியர்:

கேள்வியைப் பார்த்துத் துறையைச் சொல்வது என்பது களியில் எனக்கு விளங்கிவிட்டது.

பாலக்கோட்டுத் தந்தை:

எல்லோருக்கும் நன்றி. தொழில்வழிச் சிகிச்சைக்கே போவதென்று முடிவு செய்துவிட்டோம். இரண்டு கேள்விகள் மீதமிருக்கின்றன. பெயர்ப்பலகை மாட்டியவர் உண்மையில் படித்தவரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சீசனில் வாரந்தோறும் வர முடியாவிட்டால் என்ன செய்வது? பையன் பேருந்து வரைவதை நிறுத்தி வேறு எழுத வைக்க வேண்டுமா என்றும் மனைவி கேட்கிறாள்.

சூளகிரிக்காரி:

நிறுத்த வேண்டாம் ஐயா. தாளும் வண்ணமும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும், வரையும்போது பக்கத்தில் உட்காருங்கள், ஒவ்வொரு பேருந்துக்கும் விளக்கம் கேட்காதீர்கள். அதற்குச் சிகிச்சை என்று பெயர் வைக்கத் தேவையில்லை. தகுதியைப் பொறுத்தவரை, பிரிட்டனில் கலைவழிச் சிகிச்சையாளர் என்ற பட்டம் சட்டத்தால் காக்கப்பட்டது, பதிவில்லாதவர் போட்டுக்கொள்ள முடியாது. இங்கே சில நாள் சான்றிதழிலிருந்து முதுநிலைப் படிப்புவரை எல்லாமே அந்தப் பெயரில் உலவுகின்றன. ஆகவே எங்கே, எத்தனை காலம் படித்தார், யாருடைய மேற்பார்வையில் பணி செய்கிறார் என்று தயங்காமல் கேட்கலாம். கேட்டதற்குக் கோபப்படுபவரிடம் போக வேண்டியதில்லை.

ஓசூர் ஓ.டி.:

எங்கள் துறையின் இளநிலைப் பட்டமான பி.ஓ.டி. நான்கு ஆண்டுப் படிப்பும் அதற்கு மேல் உள்ளிருப்புப் பயிற்சியும் கொண்டது. இந்தியாவில் இந்தப் படிப்பை 1950இல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் தொடங்கி வைத்தவர் கமலா நிம்ப்கர். இணை மருத்துவத் தொழில்களுக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டம் தொழில்வழிச் சிகிச்சையைத் தனி வகையாகவே பட்டியலிட்டிருக்கிறது. பட்டச் சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள்.

சீசனைப் பற்றிக் கவலை வேண்டாம். முதல் சந்திப்பிலேயே உங்கள் நிலைமையைச் சொல்லி, வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகளை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அவற்றை வீட்டில் நாள்தோறும் செய்தால் இடையில் விட்டுப்போகும் வாரங்களை ஓரளவு ஈடுகட்டலாம். போகும்போது பையனின் சீருடைச் சட்டையையும் அவன் வழக்கமாகச் சாப்பிடும் தட்டையும் எடுத்துச் செல்லுங்கள். காலையில் அவன் பள்ளிக்குக் கிளம்பும் பொழுதைக் கைபேசியில் படம் பிடித்துக் காட்டினால், மையத்தில் அவன் அழுதுகொண்டே உட்கார்ந்திருந்தாலும் எங்களுக்கு வேண்டியது அதில் கிடைத்துவிடும்.

பேருந்துப் படங்களுக்கு என் பங்காக ஒன்று. கிரேயான்களை ஓர் அங்குலத் துண்டுகளாக உடைத்துப் போடுங்கள். அவ்வளவு சிறியதை முஷ்டியால் பிடிக்க முடியாது, விரல் நுனிகள் தாமே முன்வரும். தாளைத் தரையில் விரிக்காமல் அவன் கண்ணுயரத்தில் சுவரில் ஒட்டினால் மணிக்கட்டு பின்னுக்கு வளைந்து, எழுதுவதற்கு வேண்டிய நிலைக்குப் பழகும். சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்தால் பீரோவின் பக்கவாட்டில் ஒட்டலாம்.